மெக்சிகன்-அமெரிக்கக் குடும்பச் சடங்குகளை வைத்துச் சிறுவர் மாயக்கதை: விதிகளை எங்கிருந்து எடுப்பது?

கரிசல்மை:

வணக்கம். 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கான தமிழ் நாவல் ஒன்று வரைவில் இருக்கிறது. களம் டெக்சஸின் சான் அன்டோனியோ. நாயகிக்கு 11 வயது, மெக்சிகன்-அமெரிக்கக் குடும்பம். அக்டோபர் கடைசியில் தொடங்கி பிப்ரவரி 2-இல் முடிகிறது. இறந்தவர்களுக்கான வீட்டுப் படையல், கிறிஸ்துமஸ் தமாலே (மக்காச்சோள மாவை உறையில் பொதிந்து ஆவியில் வேகவைக்கும் பண்டம்), பாட்டியின் வைத்தியம் மூன்றிலும் மாயம் நடக்க வேண்டும்.

இப்போதைக்குப் பாட்டியிடம் ஒரு மந்திரப் புத்தகமும், மந்திரக்கோல் போல ஒரு மரக்கரண்டியும் இருக்கின்றன. படிக்கும்போது சடங்கு தனியாக, மாயம் தனியாக நிற்கிறது. பூவும் மெழுகுவத்தியும் வெறும் அலங்காரமாகிவிடுகின்றன.

கேட்க நினைப்பது: படையலில் என்னென்ன எந்த வரிசையில் வரும், எங்கே பிசகும்? தமாலே செய்வதில் மாயத்துக்கு இடம் உண்டா? பாட்டியைச் சூனியக்காரி என்று காட்டலாமா? விவரம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் நல்லது.

மஞ்சள்பாதை:

முதல் வேலையாகப் புத்தகத்தையும் கரண்டியையும் எடுத்துவிடுங்கள். நீங்கள் தேடும் விதிகள் சடங்குக்குள்ளேயே இருக்கின்றன. எந்தச் சாமான் எதற்கு, எது முதலில், எது தவறினால் என்ன ஆகும் என்பதெல்லாம் ஏற்கெனவே வகுத்ததுதான். அதை அப்படியே எடுத்துக்கொண்டு, நம்பிக்கையாகச் சொல்லப்படுவது கதையில் நிஜமாகவே நடக்கட்டும்.

படையலின் பெயர் ஒஃப்ரெண்டா. மேசைமேல் பெட்டிகளை அடுக்கித் துணி விரித்து இரண்டு, மூன்று, சில இடங்களில் ஏழு படிகள் கட்டுவார்கள். மேலே மாதா அல்லது புனிதர் படம், இறந்தவர்களின் புகைப்படங்கள். ஒரு டம்ளர் தண்ணீர், நெடுந்தூரம் வந்தவரின் தாகத்துக்கு. ஒரு கிண்ணம் உப்பு, தூய்மைக்கு. ஓர் ஆவிக்கு ஒரு மெழுகுவத்தி. நினைக்க ஆள் இல்லாத ஆவிகளுக்கென்று கூடுதலாக ஒன்று ஏற்றும் வீடுகளும் உண்டு. சித்திரம் வெட்டிய மெல்லிய காகிதத் தோரணம் காற்றுக்கு. மேலே எலும்பு வடிவில் மாவு வைத்துச் சுட்ட ரொட்டி, கோப்பால் பிசின் புகை, இறந்தவருக்குப் பிடித்த சாப்பாடு. வாசலிலிருந்து படையல்வரை செம்பசூசில் பூவிதழ்ப் பாதை. நம் சந்தையில் மாலை கட்ட விற்கிற செண்டுமல்லிதான் அந்தப் பூ. செடியின் பூர்வீகமே மெக்சிகோ. அந்த நெடியைத் தமிழ்ப் பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம். இதழைக் கசக்கினால் வரும் பச்சை வாடை என்று ஒரு வரி போதும்.

காலக்கணக்கு முக்கியம். பொதுவாக அக்டோபர் 31 இரவிலிருந்து நவம்பர் 1 நண்பகல்வரை இறந்த குழந்தைகள் வருவார்கள், அதன்பின் நவம்பர் 2 வரை பெரியவர்கள். ஊருக்கு ஊர் மணி மாறும். வந்தவர்கள் சாப்பாட்டின் மணத்தையும் சாரத்தையும் எடுத்துக்கொள்வார்கள், மிச்சத்தை உயிரோடிருப்பவர்கள் சாப்பிடுவார்கள், அதில் சுவை குறைந்திருக்கும் என்பது நம்பிக்கை. உங்கள் நாயகி நவம்பர் 3 காலையில் ரொட்டியைக் கடிக்கிறாள். பாதி சப்பென்று இருக்கிறது, பாதி நன்றாக இனிக்கிறது. யாரோ ஒருவர் வரவில்லை. துப்பு கிடைத்துவிட்டது.

செய்முறையில் பிசகும் இடங்கள்:

பூவை 28-ஆம் தேதியே உதிர்த்துப் பாதை போட்டால் 2-ஆம் தேதிக்குள் சருகாகிவிடும். வளைவுக்கு முழுப்பூ, பாதைக்கு உதிரி, அதுவும் 31 மாலையில். ஏசிக் காற்றும் மின்விசிறியும் பாதையைக் கலைக்கும், மெழுகுவத்தியை அணைக்கும். கலைந்த பாதை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே ஓர் அத்தியாயத்துக்குப் போதும். அண்டை வீட்டுக் கதவை நோக்கித் திரும்பினால்?

கோப்பாலை நேரடியாகக் கொளுத்தக் கூடாது. கரிவில்லையைப் பற்றவைத்து, மேலே சாம்பல் பூக்கும்வரை காத்திருந்து, பட்டாணி அளவு பிசின் வைக்க வேண்டும். அவசரப்பட்டால் கரிவில்லையின் மருந்து நாற்றம்தான் வரும். டெக்சஸ் வீடுகளில் கூரையிலேயே புகை எச்சரிக்கைக் கருவி இருப்பதால் ஜன்னலைத் திறக்காமல் புகைபோட்டால் அலறும். ஆவி வாசலில் நிற்கும் நேரத்தில் அது அலறட்டும்.

சர்க்கரை மண்டையோட்டுக்கு அளவு: 1 கப் வெள்ளைச் சர்க்கரை, 1 தேக்கரண்டி மெரிங் பொடி, அதாவது முட்டை வெள்ளைக்கருவை உலர்த்திய பொடி, 1 தேக்கரண்டி தண்ணீர். கையில் பிடித்தால் விரல்தடம் நிற்க வேண்டும். அச்சில் அழுத்தி உடனே அட்டைமேல் கவிழ்த்து ஓர் இரவு காயவிட வேண்டும். காற்றில் ஈரம் அதிகமானால் காயாது, முகம் சரிந்துவிடும். மழைநாளில் செய்யாதே என்று பெரியவர்கள் சொல்வது அதனால்தான்.

கடைசியாக ஒன்று, இதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். எல்லா மெக்சிகன்-அமெரிக்க வீட்டிலும் பரம்பரையாக ஒஃப்ரெண்டா இருந்தது என்று எழுதாதீர்கள். வீட்டில் பெரிய படையல் கட்டுவது மெக்சிகோவின் மத்திய, தெற்குப் பகுதிகளில், அதாவது ஓஹாக்கா, மிச்சோவகான், புவெப்லா பக்கம் வேர்விட்ட வழக்கம். தெற்கு டெக்சஸ் குடும்பங்கள் பலவற்றில் நவம்பர் 2 என்றால் கல்லறையைச் சுத்தம் செய்து பூ வைப்பதுதான். அமெரிக்காவில் படையல் பரவலானதில் 1970களின் தொடக்கத்தில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் சிக்கானோ, அதாவது மெக்சிகன்-அமெரிக்க ஓவியர்கள் எடுத்த விழாக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே கொள்ளுப்பாட்டி எந்த ஊர்க்காரி என்று முதலில் முடிவு செய்யுங்கள். அப்பா வழி ஓஹாக்கா, அம்மா வழி 1848-க்கு முன்பிருந்தே டெக்சஸ் என்று வைத்தால், ‘எங்கள் வீட்டில் இதெல்லாம் கிடையாதே’ என்கிற சண்டை கதைக்குள் தானாக வந்து உட்காரும். அந்த ஆண்டில் மெக்சிகோவும் அமெரிக்காவும் செய்த ஒப்பந்தம் எல்லைக்கோட்டை நகர்த்தியது. அந்த வழிக்காரர்கள் எல்லையைத் தாண்டியவர்களே அல்ல.

ஆவிக்குண்டான்:

தமாலேயில் மாயத்துக்கு இடம் உண்டான்னு கேக்கிறீங்க. இருக்கிற அடுக்களைகள்லயே அதிகமா மாயம் நடக்கிற அடுக்களை அதுதான்.

கோபத்தோட இருக்கிறவங்க பக்கத்துல இருந்தா தமாலே வேகாது. இது மெக்சிகோவுலயும் எல்லைக்கு அமெரிக்கப் பக்கமும் பரவலா இருக்கிற நம்பிக்கை. எவ்வளவு நேரம் ஆவியில வெச்சாலும் மாவு பச்சையாவே நிக்கும். பரிகாரமும் உண்டு. கோபப்பட்டவங்க பானைக்கு முன்னால நின்னு ஆடணும். கண்ணு படாம இருக்க மக்காச்சோள உறையைக் கிழிச்சுப் பானையோட ரெண்டு கைப்பிடியிலும் கட்டிவைக்கிறதும் உண்டு. குற்றம், தண்டனை, பரிகாரம் மூணும் தயாரா இருக்கு, நீங்க புதுசா எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். அத்தைங்க ரெண்டு பேருக்குள்ள பல வருஷமா பேச்சுவார்த்தை இல்ல, பானை கொதிக்குது, மாவு வேகல, இப்ப யாரு ஆடணும்?

ஆனா இது எடுபடணும்னா நிஜமாவே வேகாமப் போற காரணங்கள் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். பிள்ளை ஒவ்வொண்ணா சரிபார்த்து, எல்லாம் சரியா இருந்தும் வேகலன்னாதான் வாசகருக்கு மயிர்க்கூச்செறியும்.

சுமார் 30 தமாலேவுக்கு 4 கப் மாசா மாவு, ஒண்ணேகால் கப் பன்றிக்கொழுப்பு, வெதுவெதுப்பான இறைச்சிச்சாறு ஏறக்குறைய 3 கப், ரெண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், உப்பு. மாசாங்கிறது மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில வேகவெச்சு ஊறவெச்சுத் தோல் நீக்கி அரைச்சது. சாதா மக்காச்சோள மாவை வெச்சா பிசைய வராது, உதிரும். கொழுப்பை முதல்ல தனியா அடிச்சு வெளுக்க வைக்கணும், அப்புறம்தான் மாவு. பதம் பார்க்க ஒரு துண்டு மாவைக் குளிர்ந்த தண்ணியில போடுங்க. மிதந்தா சரி. முங்கினா இன்னும் அடிக்கணும். நாவல்ல இந்த மிதக்கிற உருண்டையைக் கட்டாயம் கொண்டு வாங்க. முங்க வேண்டியது மிதக்கிறதும், மிதக்க வேண்டியது முங்குறதும் பக்கத்துக்குப் பக்கம் பயன்படும்.

உலர்ந்த உறைகளைச் சுடுதண்ணியில ஒரு மணி நேரமாவது ஊறவிடணும். இல்லன்னா மடிக்கும்போது கிழியும். உறையோட வழவழப்பான பக்கத்துல, அகலமான முனையில மாவைத் தடவணும். சொரசொரப்பான பக்கத்துல தடவினா வெந்த பிறகு ஒட்டிக்கும். கூர்முனையைக் காலியா விட்டு, நடுவுல மிளகாய்ச் சாந்துல வெந்த இறைச்சி வெச்சு, ரெண்டு பக்கமும் மடிச்சு, கூர்முனையைக் கீழே மடக்கி, திறந்த வாய் மேலே இருக்கிற மாதிரி பானையில நிறுத்தணும். ஒண்ணு முதல் ஒன்றரை மணி நேரம். உறையைப் பிரிச்சா மாவு ஒட்டாம வந்தா வெந்துடுச்சு.

இன்னொண்ணு சொல்லணும். பானை அடியில தண்ணிக்குள்ள ஒரு நாணயம் போடுவாங்க. தண்ணி கொதிச்சுக்கிட்டு இருக்கிற வரைக்கும் கடகடன்னு சத்தம் வரும். சத்தம் நின்னா தண்ணி வத்திப்போச்சு. அப்ப கொதிக்கிற தண்ணிதான் ஊத்தணும், பச்சைத்தண்ணி ஊத்தினா ஆவி அடங்கி மாவு இறுகிடும். இந்த நாணயம் உங்க கதைக்கு ஒரு பாத்திரம் மாதிரி. எந்த வருஷத்து நாணயம், யார் போட்டது, தண்ணி இருக்கும்போதே சத்தம் ஏன் நிக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க.

டிசம்பர்ல இதுக்காகக் குடும்பமே கூடுறதுக்குத் தமலாதான்னு பேர். வேலை வயசுப்படி பிரியும். சின்னதுங்க உறையில இருக்கிற நாரை எடுக்கும், நடுவயசுப் பிள்ளைங்க மாவு தடவும், மிளகாய்ச் சாந்து பெரியவங்க கையில. 11 வயசுல மாவு தடவுறதுக்கு உயர்றது ஒரு பதவி. உங்க நாயகிக்கு அதுதான் முதல் தீட்சை.

கரிசல்மை:

இருவருக்கும் நன்றி. மந்திரப் புத்தகம் போய்விட்டது. மரக்கரண்டி மாவு கிண்ட மட்டும் இருக்கும்.

பாட்டி விஷயம் இன்னும் தொங்குகிறது. நாயகியின் தம்பி, 6 வயது, நாய் துரத்தியதில் பயந்து பேச்சை நிறுத்திவிடுகிறான். பாட்டி ஏதோ பொடி கொடுத்துக் குணமாக்குவதாக எழுதியிருக்கிறேன். சரியா?

வெட்டிவேர்:

பொடியை இன்றைக்கே நீக்குங்கள். எம்பாச்சோ என்கிற வயிற்று மந்தத்துக்குக் கொடுக்கப்பட்ட கிரெட்டா, அசர்கோன் என்ற மஞ்சள், ஆரஞ்சுப் பொடிகள் ஈயச்சேர்மங்கள். குழந்தைகளுக்கு ஈய நஞ்சேறி, அமெரிக்கச் சுகாதாரத் துறை எச்சரித்த பொருள்கள் அவை. நீங்கள் பெயர் சொல்லாமல் ‘ஆரஞ்சுப் பொடி’ என்று எழுதினாலும் விவரம் தெரிந்த வாசகர் பதறுவார். அதோடு பயத்துக்கு முக்கிய வைத்தியம் பொடி அல்ல, சடங்குதான்.

தம்பிக்கு வந்திருப்பது சுஸ்டோ. திடுக்கிட்டதில் ஆன்மா உடம்பைவிட்டு விலகி, பயந்த இடத்திலேயே தங்கிவிட்டது என்று பொருள். தூக்கமின்மை, சாப்பிட மறுப்பு, சோர்வு அதன் அடையாளங்கள். சடங்கில் ஆளைப் படுக்கவைத்து வெள்ளைத்துணி போர்த்தி, மூலிகைக் கட்டால் தலையிலிருந்து கால்வரை வருடுவார்கள். விசுவாசப் பிரமாணம் என்ற கிறிஸ்தவ ஜெபம் மூன்று முறை. நடுவில் பெயர் சொல்லி, ‘வா, அங்கேயே நின்றுவிடாதே’ என்று ஆன்மாவைக் கூப்பிடுவார்கள். படுத்திருப்பவர் ‘இதோ வருகிறேன்’ என்று பதில் சொல்ல வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் செய்வது வழக்கம். உங்கள் தம்பி பேசுவதையே நிறுத்திவிட்டான்! அவன் சொல்லவேண்டிய அந்த ஒரு பதிலை யார் சொல்வது என்பதில்தான் கதையே நிற்கிறது. அக்கா நாய் துரத்திய தெருவுக்கே போய்க் கூப்பிட வேண்டியிருக்கலாம்.

மூலிகைக்கட்டில் ரூடா, ரோஸ்மேரி, திருநீற்றுப்பச்சை. ரூடா என்பது நம் அருவதா. வருட மட்டும்தான், பிள்ளைக்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பதாக எழுதாதீர்கள். அது நஞ்சாகக்கூடியது, சாறு தோலில் பட்டு வெயில் பட்டால் கொப்புளமும் வரும்.

கண்ணேறு தனி. பிள்ளையை ஒருவர் ஆசையாகப் பார்த்துவிட்டுத் தொடாமல் போனால் படும் என்பார்கள். அதனால் பாராட்டியவரே கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போவது மரியாதை. பட்டுவிட்டால் ஓடு உடையாத பச்சை முட்டையால் உடம்பைச் சிலுவைக்குறியாக வருடி, அரை டம்ளர் தண்ணீரில் உடைத்து ஊற்றிப் பார்ப்பார்கள். குமிழி, மேலெழும் வெள்ளை இழை, கண் போன்ற வட்டம் எல்லாவற்றுக்கும் பொருள் உண்டு. அந்த முட்டையைச் சாப்பிடக் கூடாது. புதைப்பார்கள், அல்லது கழிவறையில் கொட்டுவார்கள். திருஷ்டி கழித்த பூசணிக்காயை வீட்டுக்குள் கொண்டுவராத தமிழ் வாசகருக்கு இது ஒரே வரியில் புரியும்.

இனி பாட்டி. வைத்தியம் பார்க்கும் குராந்தெரா வேறு, புரூஹா வேறு. புரூஹா என்றால் சூனியம் செய்பவள், வைத்தியம் பார்ப்பவளை அப்படிச் சொல்வது வசை. குராந்தெரா தன்னைக் கத்தோலிக்கர் என்றே நினைக்கிறார். குணமாக்குவது கடவுள், தான் வழி மட்டும் என்பார். திறமை ஒரு வரம், அதற்குப் பெயர் தோன். கட்டணம் கேட்க மாட்டார், கொடுத்ததை வாங்கிக்கொள்வார். தெற்கு டெக்சஸில் ஃபால்ஃபுரியாஸ் அருகே 1881 முதல் 1907-இல் இறக்கும்வரை வைத்தியம் பார்த்த பெத்ரீத்தோ ஹராமியோவின் சமாதிக்கு இன்றும் மக்கள் வருகிறார்கள். படுக்குமுன் ஒரு டம்ளர் தண்ணீர், ஒன்பது இரவு, கடவுள் பெயரால்: இந்த மாதிரிதான் அவருடைய மருந்துச் சீட்டுகள். எளிமையான பொருள், துல்லியமான எண்ணிக்கை, நாள் தவறக்கூடாது. சிறுவர் கதைக்கு இதைவிட நல்ல வடிவம் எனக்குத் தெரியவில்லை.

அதனால் என் கருத்து: பாட்டி செய்வதை ‘மாயம்’ என்று பாட்டி வாயால் ஒருநாளும் சொல்லவைக்காதீர்கள். அவருக்கு அது ஜெபம்.

ஆந்தைமுடிச்சு:

வெட்டிவேர் சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒரு இடம் தவிர. பாட்டி சொல்லக்கூடாது, சரி. ஆனால் 11 வயதுப் பிள்ளை அதை மாயம் என்று நினைக்கலாம், நினைக்கவும் வேண்டும். அவளுக்குப் பள்ளித் தோழிகள், தொலைக்காட்சி, ஆங்கிலம் எல்லாம் உண்டு. இருவரும் ஒரே காரியத்தை வேறு வேறாகப் பார்ப்பதுதான் இந்தக் குடும்பங்களின் நிஜம்.

அதற்கு மொழி ஒரு காரணம். 1960களின் கடைசிவரை டெக்சஸ் பள்ளிகளில் ஸ்பானிஷ் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். அடிவாங்கிய தலைமுறை தன் பிள்ளைகளுக்கு அந்த மொழியைக் கற்றுத்தரத் தயங்கியது. எனவே உங்கள் நாயகிக்குச் சாப்பாட்டுப் பெயர்களும் வசவுகளும் மட்டும் தெரிந்திருப்பது முழுக்க நம்பும்படியானது. சுஸ்டோ சடங்கின் ஜெபம் ஸ்பானிஷில் இருக்கிறது, அவளுக்குத் தெரியாது, பாட்டி மருத்துவமனையில். செயற்கையாக ஒரு வில்லனைக் கொண்டுவரத் தேவையே இல்லை. அம்மாவுக்கு ஜெபம் பாதி நினைவிருக்கட்டும்.

வில்லன் வேண்டுமென்றால் லெச்சூசாவைப் பாருங்கள். பெண்முகம் கொண்ட ஆந்தை, தெற்கு டெக்சஸில் வலுவாக வாழும் கதை. இரவில் கைக்குழந்தை அழுவதுபோலக் கூப்பிடும், வெளியே போய்ப் பார்க்கக் கூடாது. ஜெபம் சொல்லியபடி கயிற்றில் முடிச்சுப் போட்டால் விலகும் என்பார்கள். ஆற்றங்கரையில் அழுதபடி அலையும் பெண் பேயான லயோரோனாவை எல்லோரும் எழுதிவிட்டார்கள். எடுத்தாலும் ஆற்றங்கரையைவிட்டு நகர்த்தாதீர்கள், தண்ணீர் இல்லாத இடத்தில் அவளுக்கு வேலை இல்லை.

அலெப்ரிஹே எனப்படும் வண்ண விலங்குகளை ஆவிகளின் வழிகாட்டியாகக் காட்டாதீர்கள். பெத்ரோ லினாரெஸ் 1936 வாக்கில் மெக்சிகோ நகரத்தில் காகிதக்கூழில் செய்யத் தொடங்கிய கைவினை அது. இறந்தோர் நாளோடு அதை இணைத்தது சினிமா. மெக்சிகோ நகரத்தின் பெரிய மண்டையோட்டு ஊர்வலமும் 2016-இல், ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தில் அப்படி ஒரு காட்சி வந்தபிறகு, தொடங்கியதுதான். பழங்கால மரபு என்று எழுதிவிட வேண்டாம்.

பிப்ரவரி 2-இல் முடிப்பது நல்ல தேர்வு, ஆனால் ஜனவரி 6-ஐ விட்டுவிட்டீர்கள். அன்றைக்கு மூன்று ராஜாக்களின் வளைய ரொட்டி, ரோஸ்கா. உள்ளே குழந்தை இயேசு பொம்மை ஒளிந்திருக்கும். வெட்டும்போது யார் துண்டில் வருகிறதோ அவர் பிப்ரவரி 2-இல் எல்லோருக்கும் தமாலே போட வேண்டும். அதாவது பானை மறுபடி அடுப்பேறும். கோபக்கார அத்தை துண்டில் பொம்மை வந்தால் டிசம்பரில் தீராத கணக்கு அங்கே தீரும். எழுதும்போது ஒரு கவனம்: பிளாஸ்டிக் பொம்மையை மாவில் வைத்துச் சுட்டால் உருகும். ரொட்டி ஆறியபின் அடிப்பக்கம் கீறித்தான் செருகுவார்கள். பெரிய ரொட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட பொம்மைகள் இருப்பதும் சகஜம், செலவைப் பகிர்ந்துகொள்ள. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வெட்டுமுன் எத்தனை என்று சொல்லிவிடுவார்கள், யாரும் விழுங்கிவிடாமல் இருக்க. எண்ணிச் செருகிய மூன்றில் இரண்டுதான் வெளியே வந்தது என்று அந்த அத்தியாயத்தைத் தொடங்கிப் பாருங்கள்.